அழுத்தினால் வேலை செய்யும் பலகை: "இது யாருக்கும் தோன்றுமே" என்று சொன்னால் காப்புரிமை கிடையாதா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். மவுஸ் பிடிக்க விரல் ஒத்துழைக்காது, உள்ளங்கையை ஒரு இடத்தில் வைத்து அழுத்த மட்டும் முடியும். தம்பிக்காக இவர் ஒரு பலகை செய்தார். வெலோஸ்டாட் என்கிற கரி கலந்த கறுப்பு பிளாஸ்டிக் தாளை இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவில் வைத்தால், அழுத்தும்போது மின்தடை குறையும். அதை அளந்து கணினிக்கு 'கிளிக்' அனுப்புவதுதான் வேலை. ஆனால் தம்பியின் கை எப்போதும் பலகையின் மேலேயே கிடக்கிறது. கை சும்மா கிடந்தாலே அளவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போக, அழுத்தாதபோது கிளிக் விழும், அழுத்தும்போது விழாது. பல மாதங்கள் மென்பொருளில் போராடிவிட்டு, கடைசியில் பலகையின் உருவத்தையே மாற்றினார். நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றிக் குமிழைவிட 2 மில்லிமீட்டர் உயரமான மெத்தென்ற வளையம், இரண்டுக்கும் தனித்தனி சென்சார். சும்மா கிடக்கும் கையின் எடையை வளையம் வாங்கிக்கொள்கிறது, வேண்டுமென்றே அழுத்தினால்தான் எடை குமிழுக்கு மாறுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் தவறான கிளிக் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்கிறார்.

எட்டு மாதத்துக்கு முன் அவரே ஒரு தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது முழு விவரக்குறிப்பு தருவதற்கு முன் தேதியைப் பிடித்து வைக்கும் ப்ரொவிஷனலை, சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் தாக்கல் செய்திருக்கிறார். வளையம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் தம்பி படித்த சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழாவில் கருவியைக் காட்டினார். அந்த வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போயிருக்கிறது. பிறகு, இதே போன்றது முன்பே வந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு தேடல் அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கினார். மூன்று பழைய ஆவணங்களைக் காட்டி, "இவற்றைச் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடும், இது எளிதில் தோன்றக்கூடியது" என்று முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்கே வந்த ஒரு தீர்ப்பைச் சொல்லி, "கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு எதையும் சேர்த்தால் எல்லாமே அப்வியஸ்தான்", அதாவது எளிதில் தோன்றக்கூடியதுதான் என்றாராம். "எல்லாமே கடையில் வாங்கிய பாகங்கள், நான் பெரிய படிப்பும் படிக்கவில்லை, விட்டுவிடட்டுமா?" இதுதான் அவர் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு விட வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் நம்பிக்கை வைத்திருக்கிறீர்களோ அந்த இடத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை, எதைச் சாதாரணம் என்று ஒரே பத்தியில் எழுதிவிட்டுப் போனீர்களோ அங்கேதான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ப்ரொவிஷனலின் தலைப்பு "அழுத்தத்தை உணரும் உள்ளீட்டுப் பலகை". அது பழைய சங்கதி. ஐபிஎம் 1992-இல் விற்ற திங்க்பேட் மடிக்கணினியின் விசைகளுக்கு நடுவே இருந்த சிவப்புக் குமிழ், விரல் தரும் விசையை உணர்ந்துதான் சுட்டியை நகர்த்தியது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 கைப்பிடியில் பொத்தானை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதும் அளக்கப்பட்டது. 2015-இல் ஆப்பிள் ஐபோன் திரையிலேயே அதைக் கொண்டுவந்தது. ஆக, "அழுத்தத்தை அளந்து கட்டளையாக மாற்றுவது" என்று உரிமை கோரினால் எளிதில் தோன்றுமா என்கிற கேள்விக்கே போக வேண்டியதில்லை, அதில் புதுமையே இல்லை என்று அலுவலகத்தின் ஆய்வு அறிக்கையில் முதல் பத்தியிலேயே முடிந்துவிடும்.

உங்களுடையது அந்த வளையம்தான். அதுவும் வளையம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது குமிழைவிட உயரமாக இருக்கிறது, அதனால் கிடக்கும் கையை முதலில் தாங்குகிறது, அந்தத் தாங்கலும் அழுத்தலும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. இனி இதை வைத்தே பேசுவோம்.

சட்டம் என்ன கேட்கிறது

நம் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 2(1)(ஜேஏ) 'இன்வென்டிவ் ஸ்டெப்' என்றால் என்ன என்று சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்க வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தாலும் சரி. அதோடு, அந்தத் துறையில் திறன் உள்ள ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. இதில் எங்காவது கண்டுபிடித்தவரின் படிப்பு வருகிறதா? பாகங்கள் எங்கே வாங்கியவை என்று வருகிறதா? வரவில்லை. கடையில் வாங்கிய பாகங்களால் ஆன கருவிகளுக்கு உலகம் முழுக்கக் காப்புரிமை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே சமயம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் வருந்தக் கூடாது: நீங்கள் இரண்டு வருடம் இரவு பகலாக உழைத்தீர்கள் என்பதற்கும் இங்கே மதிப்பெண் கிடையாது. அமேசானில் தேடினேன், இப்படி ஒன்று விற்பனைக்கு இல்லை என்கிறீர்களே, அதற்கும் இல்லை. எவருமே தயாரிக்காத ஒரு கருவி 1994-ஆம் வருடத்து ஜப்பானிய விண்ணப்பம் ஒன்றில் படத்தோடு கிடக்கலாம், அதுவும் உங்களுக்கு எதிரான ஆவணம்தான்.

அந்தத் 'திறன் உள்ளவர்' நிஜமான ஆள் அல்ல, சட்டம் கற்பனை செய்துகொள்ளும் ஒருவர். உங்கள் விஷயத்தில் அவர் உள்ளீட்டுக் கருவிகள் வடிவமைக்கும் ஒரு சராசரிப் பொறியாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளோடு பழக்கம் உள்ளவர். துறையில் வெளிவந்த எல்லாமே அவருக்குத் தெரியும், வழக்கமான வேலையை நன்றாகச் செய்வார், ஆனால் புதிதாக எதையும் யோசிக்க மாட்டார். 2015-இல் ரோஷ், சிப்லா என்ற மருந்து நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு இந்தச் சோதனையைப் படிப்படியாகப் பிரித்துச் சொன்னது. அந்த ஆள் யார், கண்டுபிடிப்பின் மையக் கருத்து எது, அன்றைய தேதியில் அவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும், பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் என்ன, கண்டுபிடிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வித்தியாசம் அவருக்குத் தானாகவே தோன்றியிருக்குமா. கடைசிக் கேள்வியில் உள்ள "பார்க்காமல்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விடையைக் கேட்ட பிறகு எந்த விடுகதையும் சுலபம்தானே. உங்களுக்கு வந்த தேடல் அறிக்கை செய்திருக்கும் தவறும் அதுதான். உங்கள் கருவியை மேசையில் வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பழைய ஆவணத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அப்படித் தேடினால் கிடைக்காத பாகம் எதுவும் இருக்காது. இவற்றைச் சேர்க்க அந்தப் பொறியாளருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

எதிர்வாதம் எங்கிருந்து வரும்

அதற்காக அந்த அறிக்கையைக் குப்பையில் போடாதீர்கள். காப்புரிமை அலுவலக ஆய்வு அதிகாரியின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று ஆவணங்களைவிடக் கூர்மையான ஒன்றைக் கையில் எடுப்பேன். அளவீட்டுக் கருவிகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: ஒரு சென்சார் தானாக நகர்கிறது என்றால் பக்கத்தில் இன்னொரு சென்சாரை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடு. சுமையால் ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் வைப்பவர்கள் வெப்பநிலையால் வரும் பிழையைப் போக்க, சுமை படாத ஒரு 'டம்மி கேஜ்' வைப்பது எத்தனையோ காலப் பழக்கம். "இவர் வைத்த வளையமும் ஒரு டம்மிதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டம்மி கேஜில் சுமை படக் கூடாது, படாமல் இருப்பதுதான் அதன் வேலை. உங்கள் வளையத்திலோ சுமை படுகிறது, அதே கையின் சுமை, அதுவும் குமிழுக்கு முன்பாகவே. நீங்கள் அளப்பது பிழையைக் கழித்த மிச்சத்தை அல்ல, ஒரே கையின் எடை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதை. உயர வித்தியாசம் இல்லாமல் இரண்டு சென்சார்களையும் ஒரே மட்டத்தில் வைத்துப் பார்த்தபோது இது வேலை செய்யவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இருக்கிற சான்றுகளில் அதுதான் முதன்மையானது. பாடப்புத்தகத்தை அப்படியே பின்பற்றிய ஒருவர் அந்த இடத்தில்தான் போய் நின்றிருப்பார், அங்கே தோற்றும் இருப்பார்.

இன்னொன்று: இந்தச் சிக்கலுக்குத் துறை வழக்கமாகச் சொல்லும் தீர்வு என்ன? மின்னணுத் தராசு தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்புவது போல, மென்பொருளில் அடிமட்ட அளவை விடாமல் திருத்திக்கொண்டே இருப்பது. நீங்களும் முதலில் அதைத்தான் செய்தீர்கள், தம்பியின் மெதுவான, பலமில்லாத அழுத்தத்தையும் சேர்த்து அது பூஜ்யமாக்கிவிட்டது. துறை மென்பொருள் பக்கம் கைகாட்டியது, நீங்கள் உருவத்தின் பக்கம் போனீர்கள். எளிதில் தோன்றக்கூடியது அல்ல என்று காட்ட இந்த வகை வரலாறு நிஜமாகவே உதவும், ஆனால் நினைவிலிருந்து சொன்னால் போதாது. தேதி போட்ட குறிப்பேடு, தோற்றுப்போன பலகைகளின் படங்கள், ஒரே கை, ஒரே நேர அளவு, மூன்று வடிவங்களில் (வளையம் இல்லாதது, ஒரே மட்டத்தில் உள்ளது, உயரமான வளையம் உள்ளது) தவறான கிளிக் எத்தனை என்ற அட்டவணை, இவை வேண்டும். இந்த வாரமே உட்கார்ந்து அதைச் செய்யுங்கள்.

கேஎஸ்ஆர் பற்றி உங்கள் உறவினர் சொன்னது

பாதி சரி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்த கேஎஸ்ஆர், டெலிஃப்ளெக்ஸ் வழக்கும் ஒரு வகையில் உங்கள் கருவிக்குச் சொந்தம்தான்: காலால் மிதிக்கும் ஆக்சிலரேட்டர் பெடல். ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்ப நகர்த்தக்கூடிய பெடல் முன்பே இருந்தது, மின்னணு சென்சாரும் முன்பே இருந்தது, கார்கள் எல்லாம் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. சென்சாரைப் பெடலின் நகராத சுழல் புள்ளியில் பொருத்தியதற்குக் காப்புரிமை. சேர்ப்பதற்கான தூண்டுதல் பழைய ஆவணங்களிலேயே எழுதியிருக்க வேண்டும் என்ற இறுக்கமான முறை சரியல்ல, திறன் உள்ளவரும் ஓரளவு படைப்பாற்றல் உள்ளவர்தான், தெரிந்த பாகங்களைத் தெரிந்த வழியில் சேர்த்து எதிர்பார்த்த பலன் கிடைத்தால் அது எளிதில் தோன்றக்கூடியதே என்று சொல்லி அந்த உரிமைக்கோரலை, அதாவது 'இது என்னுடையது' என்று காப்புரிமையில் எழுதியிருந்ததை, நீதிமன்றம் ஏற்கவில்லை.

"எல்லாமே அப்வியஸ்" என்று அது சொல்லவில்லை. "எதிர்பார்த்த பலன்" என்பதுதான் அதன் அச்சாணி. நகராத புள்ளியில் சென்சார் வைத்தால் கம்பி தேயாது என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். வளையத்தை 2 மில்லிமீட்டர் உயர்த்தினால் நடுங்கும் கையின் ஓய்வையும் விருப்பத்தையும் பிரித்துவிடலாம் என்று யாராவது முன்கூட்டியே கணித்திருப்பார்களா? அதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். அப்புறம், அது அமெரிக்கச் சட்டம். இங்கே நமக்கு அடிப்படை, உச்ச நீதிமன்றத்தின் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, விஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடைவதற்கான ஓர் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை அதில் செல்லாது என்றானது, ஏனென்றால் அது பட்டறையில் இயல்பாகச் செய்யக்கூடிய சீர்திருத்தம்தான் என்று நீதிமன்றம் கருதியது. கோவைக்காரரான உங்களுக்குப் பட்டறைச் சீர்திருத்தம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் கேட்கப்போவதும் அந்தக் கேள்வியைத்தான்.

எழுதும்போது கவனம்

உரிமைக்கோரலை "விகிதத்தைக் கணக்கிடும் முறை" என்று தொடங்கினால் பிரிவு 3(கே) வந்து நிற்கும், வெறும் கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் இங்கே காப்புரிமை இல்லை. குமிழ், வளையம், உயர வித்தியாசம், எது முதலில் சுமை வாங்கும் என்பதில் தொடங்குங்கள், கணக்கு பின்னால் வரட்டும். பிரிவு 3(எஃப்)-உம் வரலாம்: தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. உங்கள் வளையமும் குமிழும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்பதை விவரக்குறிப்பிலேயே தெளிவாக எழுதிவிட்டால் அதற்குப் பதில் தயாராக இருக்கும். 2 மில்லிமீட்டர் மட்டும் எழுதாதீர்கள், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை சோதித்தீர்களோ அத்தனையும் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் 3 மில்லிமீட்டரில் செய்துவிட்டுப் போவார்.

எனக்குக் கவலை தருவது வீடியோதான்

எளிதில் தோன்றுமா என்ற கேள்வியில் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தேதிக் கணக்கில் தவறினால் அந்த வாய்ப்பு வீணாகிவிடும். ப்ரொவிஷனல் தாக்கல் செய்துவிட்டேன், அதனால் பின்னால் சேர்த்ததற்கும் அந்தத் தேதியே கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. எந்த உரிமைக்கோரலுக்கு ப்ரொவிஷனலில் நியாயமான அடிப்படை இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட சென்சார்கள் இருக்கலாம்" என்று நீங்கள் எழுதிய ஒரு வரி உயரமான வளையத்தைத் தாங்காது. அப்படியென்றால் வளையம் இன்று வரை தேதியில்லாமல் நிற்கிறது, நடுவில் ஆண்டு விழா வீடியோ போயிருக்கிறது.

அதனால் இதைப் படித்து முடித்ததும் அந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். மூடிய பலகையைத் தம்பி அழுத்துவது மட்டும் தெரிந்தால், குமிழும் வளையமும் எப்படி வேலை செய்கின்றன என்பது வெளியே போகவில்லை என்று வாதாட இடம் உண்டு. ஆனால் உயர வித்தியாசம் மேலிருந்தே தெரிகிறதா என்றும் கவனியுங்கள். நீங்கள் திறந்து காட்டி விளக்கியிருந்தால், பெற்றோர் குழுவில் யாருக்கும் ரகசியம் காக்கும் கடமை இல்லாததால், உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான ஆவணமாக எழுந்து நிற்கும். அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு நம் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது, பள்ளி ஆண்டு விழா அதில் சேராது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டதற்கு ஒரு வருட அவகாசம் உண்டு, அங்கே போகும் எண்ணம் இருந்தால் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் முதலில் இந்தியாவில் தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது பிரிவு 39-இன்படி முன் அனுமதி வாங்க வேண்டும்.

வீடியோவில் என்ன இருந்தாலும் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். வளையத்தைப் படத்தோடும் அளவுகளோடும் விவரித்து இரண்டாவது ப்ரொவிஷனல் ஒன்றைத் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு ப்ரொவிஷனல்களுக்கும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பு கொடுக்கப் பிரிவு 9 அனுமதிக்கிறது, ஆனால் அதற்கான 12 மாதம் முதல் ப்ரொவிஷனலின் தேதியிலிருந்தே ஓடும். ஆக, உங்களிடம் இருப்பது நான்கு மாதம்தான். முதல் ப்ரொவிஷனலில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்தால் அதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு போகலாம், அப்போது அவகாசம் கூடும். இதை ஒரு காப்புரிமை முகவர் இரண்டு ஆவணங்களையும் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆய்வு செய்யக் கோரும் மனுவுக்கு 4,000 ரூபாய் தனி, முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது நீங்கள் சார்ந்திருக்கும் ப்ரொவிஷனலின் தேதியிலிருந்து, 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முகவர் கட்டணம் இவற்றைவிட அதிகமாகத்தான் வரும், எழுதித் தரும் வேலைக்கு எவ்வளவு, அலுவலகத்தின் ஆட்சேபத்துக்குப் பதில் தரும் வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், ஒரு நிறுவனம் கருவியைப் பார்க்க வேண்டும் என்கிறது, காப்புரிமை இருந்தால் என்மேல் யாரும் வழக்குப் போட முடியாதே என்று எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமை என்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டும்தான், நீங்கள் தயாரிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. உங்கள் பலகைக்குள் இன்னொருவரின் உயிரோடிருக்கும் காப்புரிமை இருந்தால் அவர் உங்களைத் தடுக்கலாம், அதற்கு வேறு வகைத் தேடல் தேவை. அந்த நிறுவனத்துக்கு ரகசிய உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை எதையும் காட்டாதீர்கள், இரண்டாவது ப்ரொவிஷனலுக்கு முன்னால் உடன்படிக்கை இருந்தாலும் காட்டாதீர்கள்.

சிறப்புப் பள்ளிகளுக்கு மலிவாகப் போய்ச் சேர்ந்தால் போதும், பணம் முக்கியமில்லை என்றும் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். நிஜமாகவே அதுதான் நோக்கம் என்றால், எல்லா விவரங்களையும் படத்தோடு, தேதியோடு பொதுவில் வெளியிட்டுவிடும் வழியும் இருக்கிறது. அதன்பிறகு உங்கள் வளையத்தை யாரும் தன் பெயரில் பதிந்துகொள்ள முடியாது, நீங்களும்தான். தம்பியோடு கலந்து பேசுங்கள், அந்தக் கருவியில் அவருக்கும் பங்கு இருக்கிறது. எந்த அழுத்தம் ஓய்வு, எந்த அழுத்தம் விருப்பம் என்று மாதக்கணக்கில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். உயரமான வளையம் என்ற யோசனையே அவர் சொல்லி வந்தது என்றால், கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள்.

முடிவெடுக்க நாள் எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவது ப்ரொவிஷனலுக்கு மட்டும் நாள் எடுக்காதீர்கள். இன்றே குழுவின் நிர்வாகியிடம் கேட்டு அந்த வீடியோவை நீக்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் தேதி தெரியும்படி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிவிட்டதால் அது நடக்காததாகிவிடாது, நாளை அதில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.